இரு காலும் இரு மிதியும்

தர்மபுரி ஜில்லாவில் அரூருக்குச் சமீபத்திலுள்ள தீர்த்தமலைக்கு நாம் அண்மையில் குடும்ப சகிதமாகச் சென்றிருந்தோம். ராமபிரான் அம்பெய்து வரவழைத்ததாக ஸ்தல புராணம் கூறும் ராமர் தீர்த்தத்தில் நனைந்து, தீர்த்தகிரீசுவரரைத் தரிசித்துவிட்டுப் படியிறங்கத் தொடங்கினோம். ஏறும்போது மூச்சுத்தான் வாங்கியது. இறங்கும்போதோ முழங்கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. "ஏறுவதைவிட இறங்குவதல்லவா கஷ்டமாயிருக்கிறது!" என்று நாம் முணுமுணுத்தோம்.

கூட வந்த நம் மருமான் சிரித்தான். அவன் கோயமுத்தூரில் காலேஜில் வாசிக்கும் பிள்ளை. அறையில் மேஜைமீது ஒரு சக்கரத்தையும், மேஜைக்கு அடியில் மிதிகளையும் பொருத்தி, எதிரே திரையில் தோன்றும் பந்தயப் பாதையில் மோட்டார் ஓட்டுகிறவன். 'சிமுலேட்டர்' என்று அதற்குப் பெயர்.

"மாமா! இறங்கும்போது தசைகள் உடலைத் தாங்கவும் வேண்டும், மெள்ள விட்டுக் கொடுக்கவும் வேண்டும். நாங்கள் பந்தயத்தில் இடது காலால் பிரேக்கையும் வலது காலால் ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்து மிதிக்கிறோமே, அதைப் போலத்தான்!" என்றான்.

அடிவாரத்தில் காத்திருந்த நம் வண்டியின் டிரைவர் காதில் இது விழுந்தது. அவர் முப்பது வருஷம் லாரி ஓட்டிய பெரியவர். "விளக்கை ஏற்றிக்கொண்டே வாயால் ஊதுகிற மாதிரியல்லவா இருக்கிறது, தம்பி?" என்று கேட்டார்.

இவ்விருவரில் யார் சொல்வது சரி? விசாரித்துப் பார்த்ததில், இருவருமே சரி என்று தெரிந்தது. எந்த இடத்தில் எவர் சரி என்பதை அறியாமற் போவதில்தான் ஆபத்து இருக்கிறது.

முதலில் மருமான் கட்சியைக் கேட்போம். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 50 மீட்டர் ஓடிவிடும். வலது காலை ஒரு மிதியிலிருந்து எடுத்து மற்றொன்றில் வைக்க ஐந்தில் ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும், அதற்குள் வண்டி 10 மீட்டர் போய்விடும். ஆகையால் பந்தயக்காரர்கள் இரு மிதிகளையும் இரு கால்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். அது மட்டுமல்ல. பிரேக்கை இலேசாகத் தொட்டால் வண்டியின் பாரம் முன்சக்கரங்களின்மேல் சாய்கிறது. அவை தரையை நன்றாகப் பற்றுவதால் வளைவில் வண்டி சொன்னபடி திரும்புகிறது. அதே சமயத்தில் எஞ்சினின் விசையும் குறையாதிருந்தால், வளைவு முடிந்தவுடன் வண்டி பாய்ந்து செல்லும்.

இந்த வித்தை இன்று நேற்று தோன்றியதல்ல. ஸ்வீடன் தேசத்து எரிக் கார்ல்ஸன் என்பவர் சாப் என்னும் சிறு காரில் 1962, 1963-ஆம் வருஷங்களில் மான்டி கார்லோ ராலிப் போட்டியில் வெற்றி பெற்றார். அந்தக் காரில் எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும். ஆக்ஸிலரேட்டரை விட்டால் பெட்ரோலோடு எண்ணெயும் எஞ்சினுக்குக் குறைந்துவிடும். ஆகவே வலது காலை எடுக்காமலே இடது காலால் பிரேக்கு மிதிப்பது அங்கே மிகவும் சௌகரியமாயிற்று.

இதைவிட வேடிக்கையான சரித்திரம் ஒன்று உண்டு. 1997-ஆம் வருஷத்தில் டாரன் ஹீத் என்ற புகைப்படக்காரர், பார்முலா ஒன் பந்தயத்தில் மக்லாரன் கார்களைப் படம் எடுத்தார். வேகத்தைக் கூட்ட வேண்டிய இடத்தில் பின்சக்கரப் பிரேக்கு ஒன்று செக்கச் செவேலென்று ஜொலிப்பது படத்தில் தெரிந்தது. பிறகு ஒரு பந்தயத்தில் அந்தக் கார்கள் பழுதாகி நின்றபோது, காமிராவை உள்ளே நீட்டிக் காலடியைப் படம் பிடித்தார். அங்கே மிதி ஒன்று அதிகமாக இருந்தது! பின்சக்கரம் ஒன்றுக்கு மட்டும் பிரேக்குப் போட்டு, ஆக்ஸிலரேட்டரையும் மிதித்தபடியே வளைவில் திரும்புவதற்காகச் செய்த ரகசிய ஏற்பாடு அது. 1998-ஆம் வருஷத் தொடக்கத்தில் அதைத் தடை செய்துவிட்டார்கள்.

நம் நாட்டிலும் இந்த வித்தைக்குப் பஞ்சமில்லை. பழைய விமான தளமாகிய சோழவரத்தில் பந்தயங்கள் நடந்த காலம் போய், இருங்காட்டுக்கோட்டையிலும் கோயமுத்தூருக்கு அருகேயுள்ள செட்டிப்பாளையத்திலும் முறையான பந்தயப் பாதைகள் ஏற்பட்டிருக்கின்றன. கோயமுத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் 2005-ஆம் வருஷத்தில் பார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 2010-ல் சென்னை கருண் சந்தோக் அவரைப் பின்தொடர்ந்தார். நம் பிள்ளைகள் திரைக்கு முன் உட்கார்ந்து கனவு காண்பதில் தவறென்ன? திரையில் விளையாடிப் பயின்ற லூக்காஸ் ஒர்தோனெஸ் என்ற ஸ்பானிய இளைஞர், 2011-ஆம் வருஷத்து லமான் பந்தயத்தில் தம் வகுப்பில் இரண்டாவது இடம் பெற்ற குழுவில் ஒருவராக இருந்தார் என்பதும் உண்மையே.

இனி டிரைவர் கட்சி. தர்மபுரியில் ஒரு காரியம் இருந்தபடியால், அங்கே போய்விட்டுத் தொப்பூர்க் கணவாய் வழியாகச் சேலத்துக்குப் பிரயாணமானோம். கணவாய்ச் சரிவு தொடங்கியதும் பெரியவர் கியரைக் குறைத்தார். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். எஞ்சின் 'ஊ'வென்று முனகிற்று. வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல் நிதானமாக இறங்கியது. பிரேக்கை எப்போதாவதுதான் தொட்டார்.

"பார், தம்பி! மிதித்தால் ஓட்டும், மிதிக்காவிட்டால் பிடிக்கும். ஒரே மிதிக்குள் இரண்டு வேலையும் இருக்கிறது" என்றார் அவர்.

கொஞ்சம் கணக்குப் பார்த்தால் அவர் சொன்னதன் அருமை விளங்கும். 25 டன் கனமுள்ள லாரி 100 மீட்டர் உயரம் கீழே இறங்கும்போது விடுபடும் சக்தி, 80 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. ஓர் அண்டா நிறைய வெந்நீர்! எஞ்சினும் உதவாமல் அவ்வளவு சூட்டையும் பிரேக்கே தாங்க வேண்டுமானால் அது என்ன ஆகும்? காய்ந்த டிரம் விரிந்து பிரேக்குக் கட்டையை விட்டு விலகும். கட்டையின் பிடிப்பும் தளரும். எண்ணெயால் இயங்கும் பிரேக்கானால், அந்த எண்ணெயே கொதித்து, மிதி பஞ்சு போல் அமுங்கிப் பயனற்றுப் போகும்.

இப்படியிருக்க, டீஸல் மிச்சமாகும் என்று எண்ணிக் கியரை நியூட்ரலில் போட்டுக்கொண்டு கணவாயில் இறங்குகிற டிரைவர்கள் இருக்கிறார்கள். எஞ்சினின் பிடியை அவர்களே அவிழ்த்து விட்டுவிடுகிறார்கள். 2020-ஆம் வருஷம் டிசம்பரிலும், 2024-ஆம் வருஷம் ஜனவரியிலும், கட்டுமீறி வந்த லாரிகளால் இதே தொப்பூரில் கோர விபத்துக்கள் நிகழ்ந்து மனித உயிர்கள் பலியாயின. பரிதாபம் என்னவென்றால், அவர்கள் தேடும் மிச்சமும் பொய்யானது. இக்காலத்து எஞ்சின்களில், கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் எரிபொருள் வருவதே நின்றுவிடுகிறது. நியூட்ரலிலோ, எஞ்சின் அணையாமலிருக்கக் கொஞ்சமாவது எரிந்துகொண்டேயிருக்க வேண்டும். உயிரைப் பணயம் வைத்து நஷ்டத்தை வாங்குவதற்குச் சிக்கனம் என்று பெயரா?

சரி, இரு மிதிகளையும் சேர்த்து மிதிக்கும் வித்தை இந்தச் சாலைக்கு ஆகுமா? ஆகாது. முன்னே தள்ளும் எஞ்சினை எதிர்த்துப் பிரேக்கு உழைத்தால், சூடு மேலும் ஏறும், எரிபொருளும் வீணாகும். பெட்ரோல் கார்கள் பலவற்றில் பிரேக்கு மிதிக்குத் துணை நிற்பது எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசை. ஆக்ஸிலரேட்டரை ஆழ மிதித்தால் அந்தத் துணை குன்றும். அப்போது பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்தால் மிதி கல்லாகிவிடும். தவிரவும், கிளச்சை அழுத்தியே பழகிய இடது கால் பிரேக்கை மெள்ளத் தொட அறியாது, ஓங்கி மிதித்துவிடும். இரண்டையும் சேர்த்து மிதித்தால் எஞ்சினின் விசையைத் தாமாகவே குறைத்துவிடும் ஏற்பாடு புதிய கார்கள் பலவற்றில் இருப்பதும் இத்தகைய அபாயங்களை எண்ணித்தான்.

"அப்படியானால் மேட்டில் நின்ற வண்டியைக் கிளப்பும்போது ஹாண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறீர்களே, ஐயா?" என்று மருமான் மடக்கினான்.

பெரியவர் சிரித்தார். "அது ஒரு நொடிக் காரியம், தம்பி. வண்டி பின்னால் உருளாமல் இருப்பதற்காக. எதற்காகச் செய்கிறோம் என்று தெரிந்து செய்தால் அது வித்தை, தெரியாமல் செய்தால் விபத்து" என்றார்.

இதைக் கேட்டபோது சிமுலேட்டரின் குறையும் நமக்குப் புலப்பட்டது. மிதியை எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதை அளக்கும் நல்ல கருவிகள் வந்திருக்கின்றன; பிரேக்கின் சூட்டைக் கணக்கிட்டுக் காட்டும் விளையாட்டுகளும் உண்டு. சூட்டை எண்ணாத விளையாட்டில், இரு மிதிகளையும் சேர்த்து மிதிப்பவனுக்கு லாபம் மட்டுமே கிடைக்கும், தண்டனை கிடையாது. எந்த விளையாட்டிலுமே பிரேக்குக் கருகும் நாற்றம் மூக்கில் ஏறாது. முன்னால் போகும் வண்டியில் ஒரு குழந்தை பின்கண்ணாடி வழியாக நம்மைப் பார்த்துக் கையசைக்காது. மோதினால் ஒரு பொத்தானை அழுத்தி மறுபடி தொடங்கலாம். தொப்பூரில் அந்தப் பொத்தான் இல்லை.

ஆகையால் பெற்றோர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுதான். திரைக்கு முன்னால் மோட்டார் ஓட்டும் பிள்ளையைக் கோபிக்க வேண்டாம். அவன் காலுக்கு நுட்பம் வருகிறது. ஆனால் லைசென்ஸ் வாங்கும் வயது வந்ததும், தேர்ந்த டிரைவர் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு மலைப்பாதையில் ஒரு தடவையாவது இறங்கச் செய்யுங்கள். நம் தேசத்துச் சாலைகளில் ஒவ்வொரு வருஷமும் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டு போகிறார்கள். அவர்களில் சிலரையாவது காப்பாற்றுவது பந்தயத்தில் கோப்பை வாங்குவதற்குக் குறைந்த தேச சேவையல்ல.

சேலம் வந்து சேர்ந்தோம். மருமான் வண்டியிலிருந்து இறங்கி, முன்சக்கரத்தின் அருகே குனிந்து உள்ளங்கையை நீட்டிப் பார்த்தான்.

"அதிகம் சுடவில்லையே, ஐயா!" என்றான் ஆச்சரியத்துடன்.

"சுடாமல் இறங்கத்தானே, தம்பி, இத்தனை வருஷம் படித்தது" என்றார் பெரியவர்.