மலைப்பாதையில் நின்றுபோன கார்

பழனி மலைத்தொடரின் மேற்பகுதியில், கொடைக்கானலுக்கு அப்பால், பூம்பாறை என்றொரு சிற்றூர் இருக்கிறது. படிப்படியாக வெட்டப்பட்ட வயல்களும், அவற்றில் விளையும் மலைப்பூண்டும், குழந்தை வேலப்பர் கோயிலும் அவ்வூருக்குப் பெருமை தருவன. சில ஆண்டுகளுக்கு முன், மார்கழி மாதத்தில், என் அத்தையாரை அக்கோயிலுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். வழி நெடுகப் பனிமூட்டம் அடர்ந்திருந்ததால் காரின் முகப்பு விளக்குகளை ஏற்றிக்கொண்டே சென்றோம். பூம்பாறையை அடைந்தபோது நல்ல வெயில். வெயிலில் விளக்கு எரிவது யாருக்குத் தெரிகிறது? அணைக்க மறந்து இறங்கிவிட்டேன்.

இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினோம். சாவியைத் திருப்பினேன். ‘கடக்’ என்று ஓர் ஒலி, அவ்வளவுதான். யந்திரம் அசையவில்லை. ஆனால் ஊதுகுழல் ஒலித்தது. உள்விளக்கும் மங்கலாக எரிந்தது. பொழுது சாய்ந்து குளிர் ஏறத் தொடங்கியது. அத்தையாருக்கோ மூச்சிரைப்பு உண்டு. மாத்திரையும் வெந்நீரும் கொடைக்கானலில் நாங்கள் தங்கியிருந்த அறையில் இருந்தன.

மாணவ நண்பர்களே, ஊதுகுழலை ஒலிக்கச் செய்யும் பாட்டரியால் யந்திரத்தைச் சுழற்ற முடியாமற் போனது ஏன்? இந்த ஒரு வினாவுக்கு விடை தெரிந்தால், இன்று கடைகளில் ‘ஜம்ப் ஸ்டார்ட்டர்’ என்று விற்கப்படும் கையடக்கக் கருவியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதும் தெரிந்துவிடும்.

முன்னாளில் யந்திரத்தைக் கைப்பிடி கொண்டு சுற்றிக் கிளப்பினார்கள். அது எதிர்த்துச் சுழன்று கையை முறித்த சம்பவங்களும் உண்டு. அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் 1911-இல் மின்சாரத்தால் சுழலும் ஸ்டார்ட்டரை உருவாக்கினார். மறு ஆண்டில் காடிலாக் கார்களில் அது இடம் பெற்றது. அந்த ஸ்டார்ட்டர் ஒரு சிறிய பெட்ரோல் காரில் ஏறத்தாழ 200 ஆம்பியர் மின்னோட்டம் கேட்கிறது என்று கொள்வோம். 10 வோல்ட்டில் 200 ஆம்பியர் என்றால் 2,000 வாட். மூன்று விநாடி சுழன்றால் செலவாகும் ஆற்றல் 6,000 ஜூல். இது பெரிய தொகை என்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் படிக்கும் மேசைமீதுள்ள 10 வாட் விளக்கு பத்து நிமிடம் எரிந்தால் இதே 6,000 ஜூல் செலவாகிவிடும்! ஆக, யந்திரத்தைக் கிளப்ப வேண்டியது மிகுந்த ஆற்றல் அன்று. சிறிது ஆற்றலை மிக விரைவாகக் கொட்டும் திறமையே.

குடத்தில் நீர் இருந்தும் வாய் குறுகலாயிருந்தால் தீயை அணைக்க அது உதவுமா? பாட்டரியின் வாய் குறுகுவதையே அகத்தடை என்கிறோம். அகத்தடை 0.01 ஓம் என்றால், 200 ஆம்பியர் பாயும்போது 2 வோல்ட் உள்ளேயே இழக்கப்படும். 12-இல் 10 மிஞ்சும். அதுவே 0.03 ஓம் ஆனால் 6 வோல்ட் போய்விடும். மிஞ்சிய ஆறு வோல்ட்டுக்கு ஸ்டார்ட்டர் செவிசாய்க்காது. சில ஆம்பியர் மட்டுமே கேட்கும் ஊதுகுழலோ கவலையின்றி ஒலிக்கும். பாட்டரி பழையதானாலும், மின்னேற்றம் குறைந்தாலும், குளிர்ந்தாலும் அகத்தடை கூடும். கொடைக்கானல் கடல்மட்டத்துக்கு 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் அங்கே வெப்பநிலை 10 டிகிரிக்கும் கீழே இறங்குவது வழக்கம். அக்குளிரில் யந்திரத்தின் எண்ணெயும் கெட்டிப்படுவதால் ஸ்டார்ட்டர் அதிகமாகக் கேட்கிறது. பாட்டரியோ குறைவாகக் கொடுக்கிறது.

என் கதைக்கு வருகிறேன். பூண்டு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்தது. கம்பி கொண்டு இரு பாட்டரிகளையும் இணைக்கலாமா என்று ஓட்டுநரைக் கேட்டேன். “வேண்டாம் ஐயா, என் வண்டி 24 வோல்ட். உங்கள் கார் 12. இணைத்தால் காரிலுள்ள கருவிகள் கருகிவிடும்” என்றார் அவர். பௌதிகம் படித்த நான் அதை மறந்திருந்தேன், அவர் மறக்கவில்லை. அவரும் உதவியாளரும் காரைச் சரிவு நோக்கித் தள்ளினார்கள். இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் யந்திரம் உயிர் பெற்றது. சரிவு இருந்ததாலும், கையால் கியர் மாற்றும் கார் ஆனதாலும் அன்று தப்பினோம். தானியங்கி கியர் உள்ள இக்காலக் கார்களை இவ்வாறு தள்ளிக் கிளப்ப இயலாது. பாட்டரி முற்றும் செத்திருந்தால் எரிபொருளைப் பீய்ச்சும் மின்னணுக் கருவிகளும் இயங்கா.

ஊர் திரும்பியதும் ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கக் கடைக்குச் சென்றேன். உறையின்மேல் ‘20,000 மில்லி ஆம்பியர்-மணி’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. அந்தக் கணக்கு ஒரே லித்தியம் கலத்தின் 3.7 வோல்ட்டில் போடப்படுவது. அதாவது 74 வாட்-மணி. 12 வோல்ட்டில் பார்த்தால் ஏறத்தாழ 6 ஆம்பியர்-மணிதான். அதுவும் போதும், ஏனெனில் ஒரு முறை கிளப்ப இரண்டு வாட்-மணிகூட வேண்டுவதில்லை. அதற்குப் பக்கத்திலேயே ‘உச்சம் 1,000 ஆம்பியர்’ என்றிருந்தது. அந்த உச்சம் கண்ணிமைப் பொழுது நிற்பது. நாம் கேட்க வேண்டியது, சில விநாடிகள் தொடர்ந்து தரும் மின்னோட்டம் எவ்வளவு என்பதே. அதைச் சொல்லாத உறையை நான் நம்புவதில்லை. மேலும், டீசல் யந்திரம் காற்றை மிகவும் இறுக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைப்பதாதலால், பெட்ரோல் யந்திரத்தினும் பெரிய கருவியை வேண்டும். மலையில் ஓடும் டீசல் ஜீப்புக்குச் சிறு காருக்கான கருவியை வாங்குவது வீண் செலவு.

மின்தேக்கிகளால் ஆன மற்றொரு வகையும் உண்டு. சோர்ந்த பாட்டரியில் எஞ்சிய மின்சாரத்தை மெல்ல உறிஞ்சி, ஒரே வீச்சில் திருப்பிக் கொடுக்கும் விந்தைக் கருவி அது. குளிருக்கு அஞ்சாது, நெடுங்காலம் உழைக்கும். ஆனால் பாட்டரி அடியோடு வற்றியிருந்தால், வேறோரிடத்திலிருந்து அதற்கு மின்சாரம் ஊட்டவேண்டும்.

இக்கருவிகளைப் படகுக்கும் உரியவை என்றே விற்கிறார்கள். 1863-இல் உருவாக்கப்பட்ட கொடைக்கானல் ஏரியில் நாம் ஏறிச் செல்லும் துடுப்புப் படகுக்கும் மிதிபடகுக்கும் இதனால் பயனில்லை. அங்கே நம் கைகால்களே ஸ்டார்ட்டர். ஆனால் பாம்பனிலோ தூத்துக்குடியிலோ யந்திரப் படகில் கடலேறுவோர் நிலை வேறு. கடலில் சரிவும் இல்லை. தள்ளிவிட லாரி ஓட்டுநரும் வாரார். அவர்கள் முதலிற் காண வேண்டியது நீர்க்காப்பு எண்ணை. ‘ஐபி 65’ என்பது நீர்ப்பீய்ச்சலைத் தாங்கும். ‘ஐபி 67’ என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. படகின் அடித்தட்டில் தேங்கி நிற்கும். யந்திர அறையைத் திறந்து காற்றோடச் செய்த பின்னரே கவ்விகளை மாட்டவேண்டும். ஒரு சிறு தீப்பொறி போதும்.

காரிலும் பொறிக்கு அஞ்சவேண்டும். ஈயப் பாட்டரி ஹைட்ரஜனை வெளிவிடக்கூடும். ஆதலால் சிவப்புக் கவ்வியைப் பாட்டரியின் நேர்முனையிலும், கறுப்புக் கவ்வியைப் பாட்டரிக்குத் தள்ளி, யந்திரத்தின் வர்ணமற்ற உலோகப் பகுதியிலும் மாட்டுவது நலம். கருவியோடு வரும் குறிப்பு வேறு கூறினால் அதன்படி நடக்கவேண்டும். முனை மாறினால் மின்னோட்டத்தைத் தடுக்கும் காப்பு இன்றியமையாதது. சில கருவிகளில் அக்காப்பை மீறும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அவசரத்தில் விரல் முதலில் அதைத்தான் நாடும்!

நான் வாங்கிய கருவியைக் காரிலேயே விட்டுவைப்பதில்லை. சமவெளியின் சித்திரை வெயிலில் மூடிய கார் அடுப்பாகிறது. லித்தியம் கலம் அச்சூட்டில் விரைவில் முதுமை அடையும். உறைபனிக் குளிரில் அதற்கு மின்னேற்றுவதும் தீங்கு. மூன்று மாதத்துக்கொரு முறை மின்னேற்றி, பயணத்தின்போது மட்டும் எடுத்துச் செல்கிறேன். உடல் உப்பிய கருவியை ஒரு கணமும் பயன்படுத்தலாகாது.

யந்திரம் கிளம்பியதும் கவ்விகளை உடனே கழற்றிவிட வேண்டும். பாட்டரியை நிரப்பும் பொறுப்பு இனிக் காரின் ஆல்டர்னேட்டருடையது. அதற்கும் நேரம் தேவை. பூம்பாறையிலிருந்து அன்று புறப்பட்ட நாங்கள், கொடைக்கானலில் அறை வாசலில் யந்திரத்தை ஓடவிட்டபடியே மாத்திரையையும் வெந்நீரையும் எடுத்து அத்தையாருக்குக் கொடுத்தோம். வத்தலக்குண்டு வந்து சேரும்வரை நான் அந்தச் சாவியைத் தொடவே இல்லை.