கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்றபோது...

எனக்கு வயது 38. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். திண்டுக்கல்லில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். 2019-ம் வருடம் ஆனி மாதம் மூட்டை இறக்கும்போது வழுக்கி விழுந்து அவருக்குக் கால் முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். ஆறு மாதம் வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் இரண்டு பிள்ளைகள், வயதான மாமியார். இருந்த நகையெல்லாம் அடகுக்கடைக்குப் போனது.

அப்போது பக்கத்து வீட்டு அக்கா, "ஆடித் தள்ளுபடிக்கு ஜவுளிக்கடையில ஆள் எடுக்கறாங்க, வர்றியா?" என்று கேட்டார். "நம்ம வீட்டுப் பொம்பள கடையில போய் நிக்கிறதா? நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்றார் மாமியார். என் வீட்டுக்காரர் எதுவும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாலு பேரா நமக்கு அரிசி வாங்கித் தரப்போகிறார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நான் கிளம்பிவிட்டேன்.

சேலைப் பிரிவில் போட்டார்கள். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பது மணிவரை நிற்கவேண்டும். ஒரு சேலை ஐந்தரை மீட்டர். பிளவுஸ் பிட்டோடு சேர்த்தால் ஆறு மீட்டருக்கு மேல் வரும். விரித்துக் காட்ட ஒரு நிமிடம் போதும். பார்டரும் பார்டரும் சேரும்படி, முந்தி வெளியே தெரியும்படி பழைய மடிப்பிலேயே திரும்ப மடிப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். முதல் நாள் இரவு மடித்து முடித்தபோது, என் தம்பி கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போனது ஞாபகம் வந்தது. அன்று நாற்பது சேலைக்கு மேல் பிரிக்கச் சொல்லிவிட்டு, "ஒண்ணுமே சரியில்லை" என்று எழுந்து வந்தவள் நான். அந்தப் பெண்ணின் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை. பார்த்திருந்தால்தானே ஞாபகம் இருக்கும்!

வியாபாரத்தில் சிரித்துப் பேசவேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் காலையில் கடை திறந்ததும் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர் வந்து, "தங்கச்சிக்கு ஒரு சேலை குடும்மா" என்றார். நான் உற்சாகமாக, "என்ன விசேஷம்ணே? பட்டுல காட்டட்டுமா, புதுசா நல்ல கலரெல்லாம் வந்திருக்கு" என்றேன். அவர் என்னைப் பார்க்காமலே, "பொறந்த வீட்டுக் கோடிம்மா" என்றார்.

கையிலிருந்த சேலை அப்படியே நின்றுவிட்டது. செத்துப்போன தங்கைக்குப் பிறந்த வீட்டுச் சீராகக் கடைசிச் சேலை எடுக்க வந்தவரிடம் நான் புதுக் கலர் பேசியிருக்கிறேன். அப்புறம் நான் ஒன்றும் கேட்கவில்லை. மஞ்சளில் சிவப்பு பார்டர் போட்ட ஒரு சேலையை எடுத்து வைத்தேன். அவர் விலைகூடப் பார்க்கவில்லை. "அவளுக்கு மஞ்சள்னா பிடிக்கும்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து வருகிறவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். வீட்டுக்கு வருகிறவர்களிடமும் அப்படித்தான்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய பாடம், அந்த வருடத் தீபாவளிக் கூட்டத்தில் கிடைத்தது. எங்கள் கவுன்டரில் 1,150 ரூபாய்ச் சேலை ஒன்று காணாமல் போய்விட்டது. கவுன்டரில் நாங்கள் நாலு பேர். நாலு பேர் சம்பளத்திலும் பங்கு போட்டுப் பிடித்தார்கள். எங்களில் ஒருத்தி பத்தொன்பது வயசுப் பெண். அப்பா இல்லாதவள். அன்று சீக்கிரம் கிளம்பியவள் அவள்தான். "அவளாத்தான் இருக்கும்" என்று ஒருத்தி சொல்ல, நானும் தலையை ஆட்டினேன். மத்தியானம் சேர்ந்து சாப்பிட்ட நாங்கள் மூன்று பேரும் அவளைத் தனியே விட்டோம். அவள் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து ஒற்றை ஆளாகச் சாப்பிட்டாள். சண்டையும் போடவில்லை, அழவும் இல்லை.

தீபாவளி முடிந்து ஸ்டாக் எடுத்தோம். என் ரேக்கில் ஒரு சேலை கனமாக இருந்தது. பிரித்தால், காணாமல் போன சேலை அதற்குள்ளேயே இருந்தது! வழுவழுவென்று மெல்லிய சேலை அது. அவசரத்தில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து மடித்தது நான்தான். அந்த ரேக்கில் வேறு யாரும் மடிப்பதில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், பேசாமல் வேறு ரேக்கில் வைத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால், மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்தச் சின்ன டிபன் பாக்ஸ் கண்ணுக்குள்ளேயே நின்றது. சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். எல்லார் எதிரிலும் திட்டினார். பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிரு தாயி" என்றேன். "விடுங்கக்கா. இன்னிக்கு என்ன குழம்பு கொண்டாந்தீங்க?" என்றாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். மடிப்பு தப்பினால் பிரித்து மடித்துவிடலாம். சந்தேகப்பட்டுப் பேசிய பேச்சை எப்படி மடிப்பது?

இன்னொன்றும் சொல்லவேண்டும். கவுன்டரில் உட்காரக் கூடாது. பாத்ரூம் மேல்மாடியில். கூட்ட நேரத்தில் போக முடியாது என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டோம். எனக்கு நீர்க்கடுப்பு வந்து ஊசி போடும்படி ஆயிற்று. காலில் நரம்புச் சுருட்டு வந்தது. கேரளாவில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி, 2018-லேயே உட்காரும் உரிமையைச் சட்டமாக வாங்கிவிட்டார்கள். நம் தமிழ்நாட்டிலும் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று ஆக்கினார்கள். அதற்குப் பிறகு எங்கள் கவுன்டருக்கும் இரண்டு ஸ்டூல் வந்தது. ஆனால், எதிரே வாடிக்கையாளர் நிற்கும்போது உட்கார எங்களுக்கே கூச்சமாக இருக்கும். ஒருநாள் ஒரு பாட்டி, "நீ உக்காந்துட்டே காட்டு தாயி, சேலைக்கென்ன வலிக்கவா போகுது?" என்றார். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கூச்சமில்லாமல் உட்கார்ந்தேன்.

மூன்று வருடம் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் பழையபடி வண்டி எடுத்து, அடகு நகையும் திரும்பிய பிறகு, கால் வலி தாங்காமல் 2022-ல் நின்றுகொண்டேன். இப்போது வீட்டிலிருந்தே சேலைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கிறேன். அன்று "நாலு பேரு" என்று சொன்ன மாமியார், நான் வேலைக்குப் போன நாளெல்லாம் ராத்திரி வெந்நீர் போட்டு வைத்துக் காத்திருந்ததையும் சொல்லாவிட்டால் பாவம்.

சகோதரிகளே, கடைக்குப் போங்கள், பத்துச் சேலை பாருங்கள், அது நம் உரிமை. என்ன விலையில், என்ன கலரில் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணுக்குப் பாதி வேலை மிச்சம். பிடிக்கவில்லை என்றால், "சிரமம் கொடுத்துட்டேம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்திருங்கள். காலையிலிருந்து நின்ற காலுக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு ஆறுதல் என்பது, நின்று பார்த்த எனக்குத் தெரியும்.

— ஒரு வாசகி, திண்டுக்கல்.