பூச்சு வேலை தனி

பழைய மரச் சன்னலை எடுத்துவிட்டு யூபிவிசி சன்னல் பொருத்தத் தரப்படும் எஸ்டிமேட்டுகளில், கடைசி வரியாக மூன்று சொற்கள் இருப்பதுண்டு: ‘பூச்சு வேலை தனி’. சுவர் பெயர்வதற்குச் சுத்தியலைவிட இந்த வரியே பெரிய காரணம் என்பேன். கழற்றுகிறவருக்குச் சுவரைப் பற்றிய கவலை இல்லை. பின்னால் வரும் கொத்தனாருக்கோ உடைசல் கூடக் கூட வேலையும் கூடும். இருவருக்கும் சேர்த்து அழுவது வீட்டுக்காரர்.

சேதமில்லாமல் எடுக்கவே முடியாது என்பது பாதி உண்மைதான். சட்டத்தின் பக்கக் கட்டைகளில் ஹோல்டுபாஸ்ட் எனப்படும் இரும்புப் பட்டைகள் திருகப்பட்டு, அவற்றின் மறுமுனை சுவருக்குள் கான்கிரீட்டில் புதைந்திருக்கும். கடப்பாரையால் நெம்பினால் பட்டை செங்கல்லையும் இழுத்துக்கொண்டுதான் வரும். ஆகவே நெம்பக் கூடாது, அறுக்க வேண்டும். முதலில் கதவுகளையும் கண்ணாடியையும் கம்பிகளையும் எடுத்துவிட்டு, சட்டத்தைச் சுற்றிப் பூச்சில் கட்டிங் மெஷினால் கோடு இழுக்க வேண்டும். விரிசல் பெரும்பாலும் அந்தக் கோட்டைத் தாண்டிப் போகாது. பிறகு கட்டைகளை நடுவில் அறுத்து, துண்டுகளைத் திறப்பின் உட்பக்கமாகச் சாய்த்து எடுக்கலாம். வெளியே நீட்டி நிற்கும் பட்டையைச் சுவரோடு ஒட்ட அறுத்துவிட்டால் போதும். புதைந்த பகுதியைத் தோண்ட வேண்டாம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீடுகளில் மட்டும் இன்னொரு எச்சரிக்கை தேவை. அங்கே சன்னலுக்கு மேல் கான்கிரீட் லிண்டல் இல்லாமல் செங்கல் வளைவோ மரக்கட்டையோ இருக்கலாம். அது தளர்ந்து, பாரம் சட்டத்தின் மேல் இறங்கியிருக்கவும் கூடும். மேல்கட்டை தொய்ந்திருந்தாலோ, அறுக்கும்போது வாள் இறுகிக்கொண்டாலோ, வேலையை அங்கேயே நிறுத்தி, முட்டுக் கொடுத்து, பொறியாளரை அழைக்க வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கான 90 பிபிஎம் வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே அறுக்கும் தூசி பறக்கும் இடத்தில் குழந்தைகள் நிற்கக் கூடாது.

‘எப்படியும் பூசத்தானே போகிறோம், கொஞ்சம் கூட உடைந்தால் என்ன?’ என்பார்கள். பூச்சு உதிர்வது வேறு, செங்கல் அசைவது வேறு. அசைந்த செங்கல்லின் மேல் எவ்வளவு அழகாகப் பூசினாலும் விரிசல் திரும்ப வரும். ஐப்பசி மழையில் அதன் வழியே தண்ணீர் இறங்கும். அறுத்து எடுக்க நேரமும் கூலியும் கூடுதல் என்பது நியாயமான மறுப்பே. ஆனால் அந்தக் கூடுதலை ஒரு சன்னலின் விலையோடு அல்ல, ஒரு சுவரைத் திரும்பக் கட்டும் செலவோடு ஒப்பிட வேண்டும்.

சுவர் உடைந்துவிட்டால், இவ்வளவு சிறிய வேலைக்கு வழக்கா என்று தயங்கவும் வேண்டாம். காசு கொடுத்துப் பெற்ற சேவையில் கவனக்குறைவு இருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி அது சேவைக் குறைபாடு. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். வாடகை வீடென்றால் கதை வேறு: உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் சன்னலைத் தொட்டால், சேதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் குடியிருப்பவரே. புகார் நிற்பதும் விழுவதும் கையிலுள்ள தாளைப் பொறுத்தது. வேலைக்கு முன்பே சுவரை நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டு, ‘சுவர்ப் பூச்சு உட்பட’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.