பொன்முடிக்குக் காரில் போகும் சைக்கிள்… இதெல்லாம் தெரியுமா?

2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் எங்கே நடந்தது தெரியுமா? திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியில்! பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தகுதிப் போட்டியும் அதுதான். நகரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கல்லாறு தாண்டினால் 22 கொண்டை ஊசி வளைவுகள். நெடுமங்காட்டு நெரிசலில் மிதித்துக் களைப்பானேன்? சைக்கிளைக் காரில் கொண்டுபோய் விதுராவில் இறக்கினால், தெம்பெல்லாம் மலைக்கே மிச்சம். ஆனால், எந்த ரேக்கில் ஏற்றுவது?

கார்க் கூரை எவ்வளவு சுமை தாங்கும் என்பது வண்டியோடு வரும் கையேட்டிலேயே இருக்கிறது, தெரியுமா? சின்னக் கார்கள் பலவற்றுக்கு அது 50 கிலோ அளவுதான், அதுவும் ரேக்கின் எடையையும் சேர்த்து! பந்தய சைக்கிளுக்குச் சர்வதேச விதி கேட்கும் குறைந்தபட்ச எடையே வெறும் 6.8 கிலோ, கூரைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மின்சார சைக்கிளோ 20 கிலோவைத் தாண்டும். அதைத் தலைக்கு மேலே தூக்கி வைக்க ஆள் வேண்டுமே! உயரத்தையும் கவனியுங்கள். ஒன்றரை மீட்டர் கார் மேல் சைக்கிளை நிற்க வைத்தால் மொத்தம் இரண்டரை மீட்டருக்கு மேல். கட்டடங்களின் அடித்தளப் பார்க்கிங்கில் நுழைந்தால் முட்டுவது உங்கள் ஹேண்டில்பார்தான்!

பிரான்ஸின் டூர் டி ஃபிரான்ஸ் பந்தயத்தில் அணிக் கார்களின் கூரையில் வரிசையாகச் சைக்கிள் நிற்குமே, அதில் தலைமை வீரரின் சைக்கிள் எங்கே இருக்கும் தெரியுமா? வெளி ஓரத்தில்! மெக்கானிக் இறங்கிய நொடியே கைக்கு எட்டிவிடும்.

கூரை ரேக்குகளுக்குப் பேர்போன துலே நிறுவனம், 1942இல் சுவீடனில் எரிக் துலின் தொடங்கியபோது விற்றது மீன் பிடிக்கும் பொறி!

இன்னொரு ஆச்சரியம். அமெரிக்காவில் கார்களும் சிறு வாகனங்களும் குடிக்கும் எரிபொருளில் ஏறத்தாழ 1 சதவீதம் கூரை ரேக்குகளால் வீணாகிறது என்று 2016இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. காலி ரேக்கும் காற்றைத் தடுக்கும். 60 கிலோமீட்டர் வேகம் 90 ஆனால் காற்றின் எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு! சவாரி முடிந்ததும் கழற்றி வையுங்கள்.

டிக்கிக் கதவில் வார் போட்டுக் கட்டும் ரேக் விலை குறைவு, தூக்குவது சுலபம். என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் கண்டிப்பான நிபந்தனைகளோடு. மலைச் சைக்கிளின் நீளம் சுமார் 1.8 மீட்டர், சின்னக் காரின் அகலமோ 1.7 மீட்டர்தான். குறுக்காகத் தொங்கவிட்டால் சக்கரங்கள் வெளியே துருத்தும்! கொண்டை ஊசி வளைவில் எதிரே கேஎஸ்ஆர்டிசி பஸ் வரும்போது அந்தச் சில அங்குலமே பெரிய விஷயம். முன் சக்கரத்தைக் கழற்றி உள்ளே போட்டுவிடுங்கள். வாரின் கொக்கி கதவின் உலோக விளிம்பைப் பிடிக்க வேண்டும். கண்ணாடியையோ பிளாஸ்டிக் ஸ்பாய்லரையோ அல்ல. டயர் சைலன்சர் வாய்க்கு நேராகத் தொங்கினால் சூட்டில் வெடிக்கும். நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறைந்தால் சட்டப்படி தப்பு. கடற்கரைப் பக்கம் போய்வந்தால் ரேக்கின் மெத்தைக்கடியில் மணல் ஒட்டியிருக்கும். துடைக்காமல் கட்டினால் பெயின்ட் முழுக்கக் கீறல்!

இழுவைக் கொக்கியில் மாட்டும் ரேக்தான் எல்லாவற்றிலும் வசதி, ஆனால் நம் சின்னக் கார்களில் அந்தக் கொக்கியே வருவதில்லை.

ஒரே ஒரு சைக்கிள்தான் என்றால் ரேக்கே வேண்டாம், தெரியுமா? பின் சீட்டை மடக்கி, இரண்டு சக்கரத்தையும் கழற்றினால் பெரும்பாலான ஹேட்ச்பேக்கில் அடங்கிவிடும். செயின் பக்கம் மேலே இருக்கட்டும், ஒரு பழைய பெட்ஷீட் விரித்துவிடுங்கள்.

இரண்டு சைக்கிள் என்றால்தான் ரேக். கட்டி முடித்ததும் சைக்கிளைப் பிடித்து நன்றாக உலுக்குங்கள். காரும் சேர்ந்து ஆடினால் கிளம்பலாம். சைக்கிள் மட்டும் ஆடினால் வாரை இன்னும் இறுக்குங்கள். நெடுமங்காட்டில் ஒரு டீக்கு நிறுத்தும்போது மறுபடியும் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள்; புது வார் முதல் அரை மணி நேரத்தில் கொஞ்சம் தளரும்!