ஒலுவிலை முதலில் எழுதும் பிள்ளைகள்

2024 மே மாத இறுதியில் உயர்தரப் பெறுபேறுகள் வந்தபோது, திருகோணமலை ஸாஹிரா கல்லூரியின் 70 முஸ்லிம் மாணவிகளுக்கு மட்டும் அவை நிறுத்திவைக்கப்பட்டன. பரீட்சை மண்டபத்தில் காது தெரியாதபடி துணியால் மூடியிருந்தார்களாம். காதுக்குள் கருவி இருக்கலாம் என்று மேற்பார்வையாளர் சந்தேகப்படுவதில் பிழையில்லை. பெண் அலுவலர் ஒருவர் அந்த இடத்திலேயே பார்த்துத் தீர்த்திருக்கக்கூடிய சந்தேகம் அது.

இப்படி ஒரு செய்தி, கல்முனையிலோ நிந்தவூரிலோ பல்கலைக்கழகக் கனவோடு இருக்கும் பிள்ளையின் மனதில் என்ன செய்யும்? மனம் உடைந்து படிப்பை விட்டுவிடும் என்பது பலரும் சொல்லும் பதில். விஷயம் அவ்வளவு நேரானதல்ல.

உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் 642 சிறுவர்களுக்குச் சிக்கல்வழிப் புதிர்களைக் கொடுத்தார்கள். பாதிப்பேர் உயர்சாதியினர், பாதிப்பேர் ஒடுக்கப்பட்டோர். தீர்த்த ஒவ்வொரு புதிருக்கும் காசு. சாதி பேசப்படாத குழுக்களில் இரு தரப்பும் ஏறக்குறையச் சமமாகவே செய்தது. பெயரோடு ஊரையும் சாதியையும் எல்லோர் முன்னும் வாசித்த பிறகு ஒடுக்கப்பட்ட சிறுவர்களின் எண்ணிக்கை கணிசமாக விழுந்தது. யாரும் அவர்களைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. நீ யார் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதை மட்டும் நினைவூட்டினார்கள்.

அமெரிக்காவில் கிளாட் ஸ்டீலும் ஜோஷுவா ஆரன்சனும் 1995இல் கறுப்பின மாணவர்களிடம் கண்ட இதையொத்த விளைவு, பின்னாளில் பெரிய அளவில் திரும்பச் சோதித்தபோது பல இடங்களில் மங்கிப்போனது. ஆகவே ஒரே பரிசோதனையைப் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லக் கூடாது. மேரிலாந்தில் கறுப்பினப் பதின்மவயதினரைப் பின்தொடர்ந்து 2003இல் வெளியான ஆய்வு எனக்குக் கூடுதல் நம்பிக்கை தருகிறது. ஆசிரியராலும் சகமாணவராலும் பாகுபாட்டை உணர்ந்த பிள்ளைகளுக்குப் புள்ளிகளும் தன் திறமைமேல் இருந்த நம்பிக்கையும் சரிந்தன. தன் சமூகத்தோடு நெருங்கிய பற்றுள்ள பிள்ளைகளிடம் அந்தச் சரிவு குறைவாக இருந்தது.

இந்தப் பற்று நம் கிழக்குக் கரையோரத்தில் கட்டடமாகவே நிற்கிறது. இங்கே பாடசாலைகளே இனவாரியானவை. கல்முனை ஸாஹிராவிலும் மஹ்மூத் மகளிர் கல்லூரியிலும் படிக்கும் முஸ்லிம் பிள்ளையும், கார்மேல் பற்றிமாவில் படிக்கும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே மொழியில் ஒரே பாடப்புத்தகத்தைப் பெரும்பாலும் வேறுவேறு வகுப்பறைகளில்தான் படிக்கிறார்கள். பதினெட்டு வயதுவரை பாடசாலை ஒரு காப்பு. பாகுபாடு வாசலுக்கு வெளியே, பரீட்சை மண்டபத்திலும் சோதனைச் சாவடியிலும் தூரத்து விடுதியிலும் காத்திருக்கிறது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலைத் தொடர்ந்து ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் நடந்த வெடிப்புக்குப் பிறகு அடையாள அட்டையில் இருக்கும் ஊர்ப்பெயரே ஒரு கேள்வியானது. அடுத்த மாதம் குருநாகலில் டொக்டர் ஷாபி கைதானார். சிங்களப் பெண்களுக்குக் கருத்தடை செய்தார் என்ற குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. பின்னர் சம்பள நிலுவையோடு சேவைக்குத் திரும்பினார். வைத்தியராக ஆசைப்படும் பிள்ளை இரண்டு செய்தியையும் வாசிக்கும். எது நெஞ்சில் நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே உம்மாமார் படிப்பை நிறுத்தச் சொல்வதில்லை. பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும்போது, "தூரத்துக் கெம்பஸ் வேணாம் மகள், ஒலுவில முதலாவதாப் போடுங்க" என்கிறார்கள். இலட்சியத்தின் உயரம் குறையவில்லை, தூரம்தான் குறைகிறது. இதை ஆய்வாளர்கள் போதியளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்று எண்ணினால் இந்த இழப்புக் கணக்கில் வராது.

ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் பிறந்ததே இப்படித்தான். 1990இல் முஸ்லிம்கள் மீதான காத்தான்குடி, ஏறாவூர்ப் படுகொலைகளுக்கும் வடபுலத்திலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டதற்கும் பிறகு, வந்தாறுமூலைப் பல்கலைக்கழகமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் முஸ்லிம் மாணவர்களுக்கு அச்சம் தரும் இடங்களாயின. முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப்பின் முயற்சியால் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது, மறு ஆண்டே தென்கிழக்குப் பல்கலைக்கழகமானது. வெளியே தள்ளப்பட்டவர்கள் தங்களுக்கென்று வாசல் கட்டினார்கள். இன்று சிங்கள மாணவர்களும் பெருமளவில் அதே வாசலால் வருகிறார்கள். ஆனால் அங்கே மருத்துவ பீடம் இல்லை. வைத்தியராக வேண்டுமென்றால் பிள்ளை ஊரை விட்டுப் போகத்தான் வேண்டும்.

பல்லைக் கடித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. "நம்மளக் குறைச்சிப் பேசுறாங்க, காட்டுவம்" என்று இரவிரவாகப் படிக்கும் அந்த வைராக்கியத்தை நாம் மேடையேற்றிப் புகழ்கிறோம். அதற்கு உடல் கொடுக்கும் விலையை நாம் கேட்பதில்லை. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலக் கிராமப்புறக் கறுப்பின இளைஞர்களை ஜீன் புரோடி குழுவினர் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். வறுமையிலிருந்து சுயகட்டுப்பாட்டோடு முன்னேறியவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. ஆனால் அவர்களது இரத்த அணுக்கள் வயதுக்கு மீறி முதுமையடைந்திருந்தன. அவர்கள் அளந்தது வறுமையின் சுமையை, இனத்தின் சுமையை அல்ல. இருந்தாலும் பரிசளிப்பு விழாவில் பேசுபவர்கள் இதை ஒருமுறை வாசிக்கலாம்.

நம் ஊருக்கான விடை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் இருக்கிறது. ஒவ்வொரு விண்ணப்பதாரியும் எந்தக் கற்கைநெறியை, எந்தப் பல்கலைக்கழகத்தில் முதலாவதாகத் தெரிவு செய்தார் என்பது விண்ணப்பத்திலேயே உண்டு. பெயர்களை நீக்கிவிட்டு, அம்பாறை மாவட்டத்தில் ஒரே இசட் புள்ளி பெற்ற முஸ்லிம், தமிழ், சிங்களப் பிள்ளைகளின் முதல் தெரிவுகளை 2019க்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால் போதும். ஒலுவிலிலேயே சமூகவியல் படிக்கும் ஒரு பிள்ளை செய்து முடிக்கக்கூடிய வேலை அது.