நடந்து பார்த்த ஊர் – 14: நடுச்சாமப் பூசை

சென்ற வாரம் அடையாற்றின் தென்கரையில் நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் ஆற்றைத் தாண்டி மயிலாப்பூர்.

நாங்கள் நாலு பேர், கல்லூரிக் காலத்துச் சிநேகிதிகள். ஒரு கிறிஸ்துமஸையாவது ஐரோப்பாவில் சேர்ந்து கொண்டாட வேண்டும் என்பது எங்களுக்குள் பல வருடப் பேச்சு. லிஸ்பனில் தொடங்கி, பாரிஸ், வியன்னா என்று ஊர் ஊராக ரயிலில் போவதாக ஏற்பாடு செய்திருந்தோம். விசா நாளுக்குள் வந்து சேரவில்லை. டிக்கெட்டை ரத்து செய்த அன்று ஒருத்தி அழுதே விட்டாள். சாந்தோமில் பிறந்து வளர்ந்தவள்தான் அவளைத் தேற்றினாள்.

"லிஸ்பன் போக முடியலன்னா என்னடி, லிஸ்பன்காரன் கட்டின ஊர் இங்கதானே இருக்கு? இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் லஸ்ஸுக்கு வந்துடுங்க. விடிய விடிய நடக்கலாம்."

அப்படித்தான் லஸ் சர்ச் ரோட்டில் எங்கள் ஐரோப்பியப் பயணம் தொடங்கியது. 'லஸ்' போர்த்துகீசியச் சொல். வெளிச்சம் என்று பொருள். கடலில் திசை தப்பிய மாலுமிகளுக்குக் கரையில் ஒரு ஒளி தெரிந்ததாம். அதைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள், அது மறைந்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் கட்டினார்கள் என்பது கதை. கோயில் கல்வெட்டில் உள்ள ஆண்டு 1516. ஆலயத்தின் பெயர் பிரகாச மாதா. அந்தக் காலத்தில் சுற்றிலும் காடாக இருந்ததால் ஊர்க்காரர்களுக்கு அது காட்டுக் கோயில்.

அங்கிருந்து கச்சேரி சாலை வழியே கிழக்கே நடந்தால் கடல் வரும். இந்தக் கச்சேரி பாட்டுக் கச்சேரி இல்லை, பழைய நாளின் அரசு அலுவலகம். ஆனால் பாட்டுக் கச்சேரிகளுக்கும் டிசம்பர் விடுமுறைக்கும் சம்பந்தம் உண்டு. 1927 டிசம்பரில் காங்கிரஸ் மகாசபை மெட்ராஸில் கூடியபோது, கூடவே ஒரு சங்கீத மாநாடும் நடந்தது. அதிலிருந்து 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் லீவு விட்ட கிறிஸ்துமஸ் நாட்களில்தான் மயிலாப்பூர் உட்கார்ந்து பாட்டுக் கேட்கப் பழகியது.

சாந்தோமில் தோழியின் வீட்டுக்குப் போனபோது மணி எட்டு. வாசலில் நட்சத்திர விளக்கு, கூடத்தில் வைக்கோல் பரப்பிய குடில். குழந்தை யேசு மட்டும் இன்னும் வைக்கப்படவில்லை. நடுச்சாமம் கழிந்துதான் வைப்பார்கள். அடுக்களையில் அவள் அம்மா அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், சர்க்கரை, முட்டை. அச்சு எண்ணெயிலேயே கிடந்து காய வேண்டும். காய்ந்த அச்சை மாவில் முக்கால் உயரம்தான் முக்கலாம். மேல் விளிம்பை மாவு மூடிவிட்டால் முறுக்கு அச்சை விட்டுக் கழலாது. நான் முக்கிய முதல் மூன்றும் கழலவில்லை. "கைய நடுங்கவிடாதம்மா, எண்ணெயில லேசா ஒரு உதறு" என்றார். நாலாவது, பூப்போல மிதந்து வந்தது.

அலமாரியைத் திறந்து டப்பா எடுக்கச் சொன்னார். அலமாரி போர்த்துகீசியம். அதன் சாவி போர்த்துகீசியம். முறுக்கை ஆறவைத்த மேசை, புகை போகத் திறந்துவிட்ட ஜன்னல், கை துடைத்த துவாலை எல்லாம் அந்த மொழியிலிருந்து வந்தவைதான். நாலு பேர் வீட்டிலும் இருக்கிற சொற்கள். லிஸ்பனுக்குப் போயிருந்தால் இவற்றை அங்கே காதில் வாங்கித் திகைத்திருப்போம்.

சாந்தோம் அன்று போர்த்துகீசியரின் சான் தொமே. அந்த நகரத்துக்குக் கோட்டை இருந்தது, மதில் இருந்தது. 1606இல் தனி மறைமாவட்டமே வந்துவிட்டது. 1662இல் கோல்கொண்டா சுல்தானின் படை பிடித்தது. 1672இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இரண்டே வருடத்தில் இழந்தார்கள். இங்கிருந்து போன பிரான்சுவா மார்ட்டின்தான் பாண்டிச்சேரியை வளர்த்தெடுத்தார். 1749இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இன்று மதிலில் ஒரு செங்கல்கூடக் கண்ணில் படவில்லை.

மதிலுக்காக எனக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறு ஒன்றுக்கு. பழைய கபாலீச்சரம் இந்தக் கடலோரத்தில்தான் இருந்தது என்றும், போர்த்துகீசியர் காலத்தில் அழிந்தது என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். மாடவீதிகளுக்கு நடுவே இன்று நாம் கும்பிடுவது பிறகு எழுந்த கோயில். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பூம்பாவையை எழுப்பப் பாடிய பதிகத்தில் மயிலைத் திருவிழாக்களை வரிசையாகச் சொல்வார்: கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு. இதையெல்லாம் பார்க்காமலே போய்விடுவாயா என்று இறந்த பெண்ணைக் கேட்பார். பாட்டில் இருக்கிற ஊர் கடலை ஒட்டிய ஊர். இதைத் தோழியிடம் சொல்லலாமா என்று தயங்கினேன். "எனக்குத் தெரியும்டி. எங்க தாத்தா சொல்லுவார். ரெண்டும் நடந்ததுதானே, ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லணும்" என்றாள்.

பதினொன்றரைக்குப் பேராலயம். அப்போஸ்தலர் தோமாவின் கல்லறை மேல் எழுந்தது என்று நம்பப்படும் கோயில். போர்த்துகீசியர் கட்டியதை 1893இல் இடித்துவிட்டு, இப்போதுள்ள வெள்ளைக் கோபுரக் கட்டடத்தை 1896இல் முடித்தார்கள். கோபுரம் 155 அடி. உள்ளே இடமில்லை, வெளியே நாற்காலியில் உட்கார்ந்தோம். கடற்காற்றில் சில்லென்று ஈரம். முன்வரிசைப் பாட்டிகள் புதுப் பட்டுப்புடவைக்கு மேல் சால்வை போர்த்தியிருந்தார்கள்.

நாம் நடுச்சாமப் பூசை என்பதைப் போர்த்துகல்லில் சேவல் பூசை என்பார்கள். குழந்தை பிறந்த செய்தியை அன்று நள்ளிரவில் முதலில் கூவிச் சொன்னது சேவல்தான் என்பது அவர்கள் நம்பிக்கை. பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது. பாடகர் குழு தமிழில் தொடங்கியது. டிக்கெட் ரத்தான அன்று அழுதவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பூசை முடிந்து, கேக்கும் காபியும் முடிந்து, மறுபடி கச்சேரி சாலையில் மேற்கே திரும்பியபோது மணி நாலரை. வழியில் அருண்டேல் தெரு. பேயாழ்வார் பிறந்ததாகச் சொல்லும் கிணறு அங்கேதான். மாடவீதியில் வாசல் தெளித்திருந்தார்கள். காதை மூடிக் கம்பளித் துண்டு சுற்றிக்கொண்ட ஒரு பெரியவர் ஜால்ராவோடு வேகமாகப் போனார். பாபநாசம் சிவன் மார்கழி பஜனையை நடத்திப் போன வீதிகள் இவை.

கேசவப் பெருமாள் கோயில் பக்கம் ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்கியது. தோழி நடந்துகொண்டே கூடப் பாடினாள், ஒரு சொல் பிசகாமல். முப்பது பாட்டும் மனப்பாடம் என்றாள். பள்ளி நாட்களில் ஒவ்வொரு மார்கழி விடியலிலும் பால் வாங்க இந்தப் பக்கம் வந்து, கியூவில் நின்றபடி காதால் கேட்டே படித்ததாம்.

குளத்தங்கரையில் ஒரு அம்மாள் எட்டுப் புள்ளிக் கோலத்தின் கடைசி வளைவைப் போட்டுக்கொண்டிருந்தார். தோழி பையிலிருந்து அச்சு முறுக்குப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "ஹாப்பி கிறிஸ்துமஸ்டி கண்ணு, அம்மா கால்வலி தேவலையா?" என்று கேட்டுக்கொண்டே, அவர் மாவுக் கையைப் புடவையில் துடைத்து வாங்கிக்கொண்டார்.

(தொடரும்)