சம்பளத்தின் பெயர் ஆளின் பெயரானது எப்படி?

ஆங்கில அகராதியில் ‘கூலி’ என்ற சொல் இருக்கிறது. ஆனால், அங்கே அதற்குப் பொருள் சம்பளம் அல்ல, ஆள்! மூட்டை தூக்குபவன், அற்பக் காசுக்கு மாடாய் உழைப்பவன் என்று போட்டிருக்கும். ‘கூலி வீட்டுப் பிள்ளை’ என்ற கேலியைக் கேட்டுத் தலைகுனிந்த தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்!

தமிழில் கூலி என்றால் உழைப்புக்குரிய ஊதியம். உடல் வருந்த முயன்றவனுக்குக் கிடைக்கும் பலனை வள்ளுவர் 619-ஆம் குறளில் அப்படித்தான் சொல்கிறார். ஆளைச் சொல்ல வேண்டுமானால் நாம் கூலியாள், கூலிக்காரர் என்போம். ஆங்கிலமோ ஆளை விட்டுவிட்டுக் கூலியை மட்டும் பிடித்துக்கொண்டது போல் தெரிகிறது.

கதை அவ்வளவு நேரானதும் அன்று. ஆங்கிலேயருக்கு முன்பே இந்தியக் கரையில் இறங்கிய போர்த்துகீசியரின் வாயில் இச்சொல் அடிபட்டது. அவர்களுக்கு அது எங்கே கிடைத்தது? குஜராத் பக்கத்தில் ‘கோலி’ என்றொரு சமூகத்தார் உண்டு; அவர்கள் பெயரே மூலம் என்பார் சிலர். தமிழ்க் கூலியே மூலம் என்பார் வேறு சிலர். 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இரண்டையும் சொல்லிவிட்டு, கோலிக்கே முதலிடம் தருகிறது. எனக்கென்னவோ இரண்டும் கலந்திருக்கும் என்றே படுகிறது. ஆளைக் குறிக்கும் வழக்கம் மேற்குக் கரையில் பிறந்திருக்கலாம்; காசுக்கு உழைப்பவன் என்ற பொருளை நம் சொல் கொடுத்திருக்கலாம்.

பிறகு அது கப்பலேறியது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறை ஒழிப்பு 1834-இல் நடப்புக்கு வந்தது. தோட்ட முதலாளிகள் இந்தியாவில் ஆள் தேடினார்கள். மொரீஷியஸ், நேட்டால், பிஜி, மலாயா என்று நம்மவர் போன இடமெல்லாம் அந்தப் பெயரும் கூடவே போயிற்று. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளையே ‘கூலி பாரிஸ்டர்’ என்றார்கள். கோட்டும் படிப்பும் இருந்தென்ன!

சீனர்கள் இச்சொல்லை இரண்டு எழுத்துகளால் எழுதினார்கள். ஒன்றுக்குக் கசப்பு என்றும் மற்றொன்றுக்கு வலிமை என்றும் பொருள். ஒலிக்காகத்தான் எழுதினார்கள், ஆனாலும் எத்தனை பொருத்தம் பாருங்கள்!

மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. பெயர் நிற்கவில்லை. நம் லயங்களை வெள்ளைக்காரத் துரைமார் அதற்குப் பின்னும் ‘கூலி லைன்’ என்றே எழுதிவந்தார்கள். மலாய் மொழியிலும் ‘கூலி’ என்றால் ஆள்தான்.

தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய நான்கிலும் இன்றைக்கும் கூலி என்றால் செய்த வேலைக்குக் கொடுக்க வேண்டிய காசு.